பதிவான நாளையும் அச்சிடுங்கள்: ஜான் கோல்ட்ரேன் இசைத்தட்டுகள் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜாஸ் இசை பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் பெயர் அடிக்கடி வருகிறது. அவருடைய இசைத்தட்டுகளின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டும் போடப்படுகிறது. அது பெரும்பாலும் தட்டு விற்பனைக்கு வந்த ஆண்டு. வேறு கலைஞர்கள் விஷயத்தில் இதனால் பெரிய பாதகம் இல்லை. கோல்ட்ரேன் விஷயத்தில் இது வாசகரை நேராகத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. எனவே உங்கள் இசைப் பக்கத்தில் அவருடைய தட்டுகளைப் பற்றி எழுதும்போது பதிவான நாள், இடம், உடன் வாசித்தவர்கள் ஆகிய மூன்றையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கோல்ட்ரேன் தன் பெயரில் முதல் தட்டைப் பதிவு செய்தது 1957 மே 31. இறந்தது 1967 ஜூலை 17, நாற்பது வயதில். இடையில் இருப்பது பத்தே ஆண்டுகள். அதற்குள் பிரெஸ்டீஜ், ப்ளூ நோட், அட்லான்டிக், இம்பல்ஸ் என்று நான்கு நிறுவனங்களுக்கு வாசித்தார். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் ஆகியோரின் குழுக்களிலும் வாசித்தார். அவருடைய வாசிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறியது. சில காலங்களில் மாதத்துக்கு மாதம் மாறியது. இப்படி மாறிக்கொண்டே இருந்த ஒருவரின் பதிவுகளில் ஆறு வருடம் பிசகினால் கேட்பவருக்கு எதுவுமே பிடிபடாது.

பிரெஸ்டீஜை எடுத்துக்கொள்வோம். 1957, 1958 இரண்டு ஆண்டுகளில் அந்த நிறுவனத்துக்காக அவர் வாசித்தது ஏராளம். ஒரே நாளில் ஸ்டூடியோவுக்குள் போய், பெரிய ஒத்திகை இல்லாமல், ஒரு தட்டுக்கு வேண்டியதை முடித்துவிட்டு வெளியே வரும் வழக்கம் அது. அவர் அட்லான்டிக்குக்குப் போய்ப் புகழ் பெற்ற பிறகு, கையிருப்பில் கிடந்த ரீல்களைப் பிரெஸ்டீஜ் ஒவ்வொன்றாகப் புதுத் தட்டுபோல வெளியிட்டது. ‘லஷ் லைஃப்’ 1961இல் வந்தது. உள்ளே இருப்பவை 1957, 1958ஆம் ஆண்டுப் பதிவுகள். ‘பிளாக் பேர்ல்ஸ்’ பதிவானது 1958 மே, வந்தது 1964. ‘பாஹியா’ 1965, ‘தி லாஸ்ட் ட்ரேன்’ 1966. இரண்டும் அந்தப் பழைய கையிருப்பே. 1964 என்று போட்ட ‘பிளாக் பேர்ல்ஸ்’ தட்டை உண்மையாகவே 1964இல் பதிவான ‘கிரெசென்ட்’ பக்கத்தில் வைத்துக் கேட்கும் புதியவர், ‘இவர் என்ன, முன்னும் பின்னுமாகப் போகிறாரே’ என்று குழம்பிப்போவார். அவர் பின்னால் போகவே இல்லை. அலமாரியில் தூங்கிய நாடாவைத்தான் பின்னால் எடுத்தார்கள்.

பெயர் மாற்றிய தட்டுகளும் உண்டு. 1958 அக்டோபரில் பியானோ கலைஞர் செசில் டெய்லரின் தலைமையில் பதிவாகி ‘ஹார்ட் டிரைவிங் ஜாஸ்’ என்று வெளியான தட்டு, சில ஆண்டுகளில் ‘கோல்ட்ரேன் டைம்’ என்று கோல்ட்ரேன் பெயரில் மறுபடி வந்தது. இன்றும் அவருடைய தலைமைப் பட்டியலில் அதைச் சேர்த்து எழுதுகிறார்கள். அது அவருடைய தட்டு அல்ல, டெய்லருடையது. உடன் வாசித்தவர்கள் வரிசையை அச்சிட்டால் இந்தக் குழப்பம் வராது.

அட்லான்டிக் கால உதாரணம் இன்னும் தெளிவானது. 1960 அக்டோபர் 21, 24, 26 ஆகிய மூன்றே நாட்களில் அவர் வாசித்தவை மூன்று தட்டுகளாகப் பிரிந்தன: ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ 1961இல், ‘கோல்ட்ரேன் பிளேஸ் தி ப்ளூஸ்’ 1962இல், ‘கோல்ட்ரேன்ஸ் சவுண்ட்’ 1964இல். ஆண்டை மட்டும் பார்த்தால் மூன்று வெவ்வேறு கட்டங்கள் மாதிரி தெரியும். மூன்றையும் அடுத்தடுத்து ஒரே மூச்சில் கேட்டுப் பாருங்கள். மெக்காய் டைனர் பியானோ, ஸ்டீவ் டேவிஸ் பாஸ் (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ்; ஒரே குழு, ஒரே வாரம். உயர்ந்த சுருதியுள்ள சோப்ரானோ சாக்ஸபோனை அவர் எங்கே எடுக்கிறார், எங்கே அதைவிடத் தாழ்ந்த டெனார் சாக்ஸபோனிலேயே இருந்துவிடுகிறார், நீண்ட ஒற்றைக் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்தின்) மீது நிற்கும் பழக்கம் எந்தப் பாட்டில் வருகிறது என்பது அப்போதுதான் காதில் விழும்.

‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ தட்டின் தலைப்புப் பாட்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். கடினம், வேகம் என்பதற்கு மேல் யாரும் போவதில்லை. பாட்டின் நீளம் 16 பார் (தாள ஆவர்த்தனம் போன்ற அளவு). அதற்குள் 26 கார்டுகள். பி, ஜி, ஈ ஃபிளாட் என்று ஸ்தாயியைச் சமமாக மூன்று பங்கிட்ட இடங்களில் மூன்று ஆதார சுருதிகள். பாட்டின் முதல் பாதியில் இரண்டு பாருக்குள்ளேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவல். வேகம் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 290 தாள அடி. ஒரு சுருதியில் காலூன்றி ஒரு சொற்றொடரை முடிப்பதற்குள் அடுத்த சுருதி வந்துவிடும். இதில் என்ன தவறு நேரக்கூடும் என்பது தட்டிலேயே பதிவாகியிருக்கிறது. டாமி ஃபிளானகனின் பியானோ தனி வாசிப்பு ஓடத் தொடங்கி, தடுமாறி, கடைசியில் வெறும் கார்டுகளாகச் சுருங்குகிறது. அதை அவருடைய திறமைக் குறைவாகக் கொள்வது அநியாயம். கோல்ட்ரேன் இந்தத் தாவல்களை மாதக்கணக்கில் சாதகம் செய்தவர். மற்றவர்கள் ஸ்டூடியோவில் தாளைப் பார்த்து வாசித்தார்கள். ஃபிளானகன் 1982இல் தன் சொந்தத் தட்டில் இதே பாட்டைச் சரளமாக வாசித்துக் காட்டினார்.

இங்கேயும் நாள் முக்கியம். இந்தத் தட்டுக்காகப் பதிவு ஒரே தடவை நடக்கவில்லை. முதல் முயற்சி 1959 வசந்தத்தில், சீடர் வால்டன் பியானோவிலும் லெக்ஸ் ஹம்ஃப்ரீஸ் டிரம்ஸிலும். அந்த டேக்குகளை (ஒரு பாட்டை ஒவ்வொரு முறை வாசித்துப் பதிந்த வடிவங்களை) அவர் ஏற்கவில்லை. அவை 1970களில்தான் வெளியாயின. தட்டில் உள்ள வடிவம் மே 4, 5 தேதிகளில் ஃபிளானகன், பால் சேம்பர்ஸ், ஆர்ட் டெய்லருடன் பதிவானது. ஆனால் அதே தட்டிலுள்ள ‘நைமா’ டிசம்பர் 2இல், விண்டன் கெல்லி, ஜிம்மி காப் ஆகியோருடன் பதிவானது. பியானோவின் தொடுகை மாறுவது அதனால்தான். இணையச் சேவைகளில் மாற்று டேக்குகளையும் மூலத் தட்டையும் கலந்து ஒரே வரிசையாகப் போட்டிருப்பார்கள். முதல் ஏழு பாட்டுகளோடு நிறுத்திக்கொண்டால் 1960இல் வந்த தட்டு. மீதியைத் தனியாகக் கேட்பதே நல்லது.

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டில் கோல்ட்ரேன் டெனார் வாசிக்கிறார். அதை வைத்து வாசித்துப் பழகுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1959 மார்ச் 2 பதிவின்போது முதன்மை நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. சரியான வேகத்தில் ஓட்டும்போது அந்தப் பாட்டுகள் சற்று வேகமாகவும், சற்றுக் கூடிய சுருதியிலும் ஒலித்தன. முதல் பக்கத்திலுள்ள மூன்று பாட்டுகளுக்குமே இந்தப் பிழை. கூடவே ஓடிய காப்பு இயந்திரம் சரியான வேகத்தில் இருந்ததால், 1992க்குப் பிந்தைய மறுபதிப்புகளில் திருத்த முடிந்தது. பழைய தட்டா, திருத்தியதா என்று கண்டுபிடிப்பது எளிது. சுருதி சரியாக உள்ள கீபோர்டில் டி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ‘ஸோ வாட்’ ஓடவிடுங்கள். பாஸின் ஆதாரம் டியோடு ஒட்டாமல் மேலே உரசினால் அது திருத்தாத பதிப்பு. இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22 பதிவு. அதில் இந்தச் சிக்கல் இல்லை.

இம்பல்ஸ் காலத்துக்கு வருவோம். இங்கே வேறு விதமான கலப்பு நடக்கிறது. 1961 நவம்பர் தொடக்கத்தில் நியூயார்க் வில்லேஜ் வான்கார்ட் அரங்கில் நான்கு இரவுகள் பதிவு நடந்தது. ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர். 1962இல் வந்த தட்டில் இருந்தவை மூன்றே பாட்டுகள். இரண்டாம் பக்கம் முழுக்க ‘சேசின் தி ட்ரேன்’, ஏறக்குறைய 16 நிமிடம். பியானோ ஒதுங்கிக்கொள்ள, பாஸும் டிரம்ஸும் மட்டும் தாங்க, பன்னிரண்டு பார் ப்ளூஸை அவர் கரைத்துக் கரைத்து வாசிக்கிறார். அதே இரவுகளின் ‘இந்தியா’, ‘இம்ப்ரெஷன்ஸ்’ இரண்டும் 1963இல் ‘இம்ப்ரெஷன்ஸ்’ தட்டில் வந்தன. ஆனால் அந்தத் தட்டில் மீதியுள்ள இரண்டு சின்னப் பாட்டுகள் ஸ்டூடியோவில் பதிவானவை: ஒன்று 1962 செப்டம்பர், இன்னொன்று 1963 ஏப்ரல், பின்னதில் டிரம்ஸ் ராய் ஹெய்ன்ஸ். ஒரே உறைக்குள் மூன்று ஆண்டுகள். ‘லைவ் அட் பேர்ட்லாண்ட்’ கதையும் அப்படித்தான். தலைப்பில் லைவ் என்று இருந்தாலும் ‘அலபாமா’, ‘யுவர் லேடி’ இரண்டும் 1963 நவம்பர் 18 ஸ்டூடியோ பதிவுகள். அந்தச் செப்டம்பர் 15இல் அலபாமா மாநிலம் பர்மிங்காமில் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். ‘அலபாமா’ என்ற பெயரும் அந்த மெல்லிய புலம்பலும் எங்கிருந்து வந்தன என்பதைத் தேதியே சொல்லிவிடும்.

‘இந்தியா’ பற்றி ஒரு வார்த்தை. கோல்ட்ரேன் ராகம் வாசித்தார் என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். இந்திய இசையை ஆழ்ந்து கேட்டவர், ரவிசங்கரை மதித்துத் தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர், அதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பாட்டில் நடப்பது ஜி ஸ்வரத்தை ஆதாரமாக நிறுத்தி, இரண்டு டபுள் பாஸ்களை ஒன்றோடொன்று பின்னவிட்டு, அதன் மேல் சோப்ரானோவும் எரிக் டால்ஃபியின் பேஸ் கிளாரினெட்டும் விரிவதுதான். ஆரோகணம் அவரோகணம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இரண்டு பாஸ்களைத் தேடினால் பாட்டு திறந்துகொள்ளும். இதற்கு ஹெட்ஃபோன் கட்டாயம். செல்பேசி ஒலிபெருக்கியில் பாஸே கேட்காது. நான்கு இரவுகளும் 1997இல் நான்கு சிடி தொகுப்பாக வந்தன. வாய்ப்பிருந்தால் அதில் ‘இந்தியா’வின் எல்லா வடிவங்களையும் வரிசையாகக் கேட்கலாம்.

‘எ லவ் சுப்ரீம்’ 1964 டிசம்பர் 9இல், நியூ ஜெர்சி எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உள்ள வான் கெல்டர் ஸ்டூடியோவில் ஒரே அமர்வில் பதிவானது. நான்கு பகுதிகள், சுமார் 33 நிமிடம். முதல் பகுதியில் பாஸ் எடுத்துக் கொடுக்கும் நான்கு ஸ்வரத் துணுக்கை டெனார் பின்னால் பன்னிரண்டு சுருதிகளிலும் கொண்டுபோய் வாசிக்கிறது; அது முடிந்த பிறகே குரல் வருகிறது. நான்காம் பகுதியான ‘சாம்’ (துதிப்பாடல்) கேட்கும்போது உறையில் அச்சாகியுள்ள அவருடைய கவிதையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்ஸபோன் அந்த வரிகளை அசை அசையாகச் சொல்கிறது. எந்த வரியில் இருக்கிறோம் என்று விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். மறுநாள், டிசம்பர் 10, சாக்ஸபோன் கலைஞர் ஆர்ச்சி ஷெப்பையும் இரண்டாவது பாஸாக ஆர்ட் டேவிஸையும் சேர்த்து முதல் பகுதியை மறுபடி வாசித்துப் பார்த்தார். அவை தட்டில் சேரவில்லை. 2002, 2015 பதிப்புகளில் கிடைக்கின்றன.

இதன் மேடை வடிவங்கள் இரண்டு வெளிவந்துள்ளன. ஒன்று பிரான்ஸின் ஆன்டீப் விழா, 1965 ஜூலை 26. மற்றது சியாட்டில் பென்ட்ஹவுஸ் அரங்கு, 1965 அக்டோபர் 2. இது ஜோ பிரேசில் என்ற இசைக்கலைஞர் பதிவு செய்து வைத்திருந்தது, 2021இல் வெளியானது. சியாட்டில் வடிவம் 75 நிமிடம், சாக்ஸபோன் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸ் உட்பட ஆட்கள் அதிகம். டிரம்ஸ் முன்னால் நிற்கும், சாக்ஸபோன் சில இடங்களில் பின்னுக்குப் போகும். இதைத் தட்டின் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம். எல்வின் ஜோன்ஸ் ஒரே நேரத்தில் எத்தனை ஓட்டங்களைத் தனித்தனியாக நடத்துகிறார் என்பது வான் கெல்டரின் பதிவைவிட இதில் துலக்கம்.

‘அசென்ஷன்’ வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 1965 ஜூன் 28இல் பதினொரு பேர் வாசித்த இரண்டு முழு டேக்குகள் உள்ளன. முதலில் கடைக்கு வந்த தட்டில் ஒரு டேக். பிறகு கோல்ட்ரேன் மற்றதையே விரும்பியதால், அதே உறை, அதே எண்ணில், சத்தமில்லாமல் டேக்கை மாற்றினார்கள். உறையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தட்டின் லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் ‘எடிஷன் 2’ என்று ஆங்கிலத்தில் கீறியிருந்தால் அது மாற்றிய பதிப்பு. கீறல் தெரியாவிட்டால் காதால் சோதிக்கலாம்: இரண்டு பாஸ்களின் சேர்ந்த வாசிப்புக்குப் பிறகு டிரம்ஸ் தனி வாசிப்பு வந்தால் முதல் பதிப்பு, வராமல் நேராகக் குழு மொத்தமும் திரும்பினால் இரண்டாவது. தனி வாசிப்புகளின் வரிசையும் மாறும். ஃப்ரெடி ஹப்பர்டின் டிரம்பெட்டுக்குப் பிறகு முதல் பதிப்பில் மேரியன் பிரவுனின் சாக்ஸபோன், இரண்டாவதில் ஷெப்புடையது. இதைக் கவனிக்காமல் விமர்சனம் எழுதினால், எழுதியவர் ஒன்றையும் வாசகர் வேறொன்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவர் மறைவுக்குப் பிந்தைய வெளியீடுகளில்தான் மிகுந்த கவனம் தேவை. ‘காஸ்மிக் மியூசிக்’ (1968) தட்டில் பாதியில் ஜான் இல்லை; அவை 1968 ஜனவரியில் அவருடைய மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் பதிவு செய்தவை. ‘இன்ஃபினிட்டி’ (1972) தட்டில் 1965, 1966ஆம் ஆண்டுப் பதிவுகளின் மீது ஆலிஸ் தந்தி வாத்தியக் குழுவையும் ஹார்ப்பையும் சேர்த்தார்; சார்லி ஹேடனின் பாஸும் பின்னர் சேர்ந்ததே. ஆலிஸின் கற்பனையாக அது கேட்கத்தக்கது, எங்களுக்குப் பிடிக்கும். ஆனால் 1966இல் ஜான் தந்திக் குழுவோடு வாசித்தார் என்று அதை வைத்து எழுதுவது பிழை. ‘இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்’ 1967 பிப்ரவரி 22இல் பதிவாகி 1974இல் வந்தது: டெனாரும் ரஷீத் அலியின் டிரம்ஸும், வேறு யாரும் இல்லை. மணிகளைக் குலுக்கி ஆரம்பித்து மணிகளிலேயே முடிப்பார். பியானோவும் பாஸும் இல்லாததால் சாக்ஸபோன் எங்கே ஒரு சிறு துணுக்கை எடுத்து, திருப்பிப் போட்டு, மேலும் கீழும் அடுக்குகிறது என்பது ஒளிவு மறைவில்லாமல் கேட்கும். கடைசிக் கால இசை வெறும் கூச்சல் என்று நினைப்பவர்கள் ‘அசென்ஷன்’ பக்கம் போகும் முன் இதிலுள்ள ‘வீனஸ்’ கேட்க வேண்டும்.

1966 ஜூலை ஜப்பான் பயணப் பதிவுகளில் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ ஒன்றே ஐம்பத்தேழு நிமிடம். 1960இல் பதினான்கு நிமிடத்துக்குள் முடிந்த பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்து கேட்டால் இடைவெளி மலைக்க வைக்கும். நடுவில் 1963ஆம் ஆண்டு நியூபோர்ட் விழா வடிவத்தையும் வைத்துக் கேளுங்கள், படிகள் தெரியும்.

அண்மையில் கிடைத்த நாடாக்கள் இந்தத் தேதிச் சிக்கலை இன்னும் பெரிதாக்கியுள்ளன. 2018இல் வந்த ‘போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ்’ 1963 மார்ச் 6 பதிவு. மறுநாளே பாடகர் ஜானி ஹார்ட்மனுடன் அந்த அமைதியான காதல் பாட்டுகளைப் பதிவு செய்தார். அடுத்தடுத்த இரண்டு நாட்கள் என்பது தெரிந்து கேட்டால் இரண்டு தட்டுகளுமே வேறாக ஒலிக்கும். மூல நாடா கிடைக்கவில்லை. முதல் மனைவி நைமாவின் குடும்பத்திடம் இருந்த மோனோ நகலிலிருந்து எடுத்ததால்தான் அது ஸ்டீரியோ இல்லை. 2019இல் வந்த ‘ப்ளூ வேர்ல்ட்’ 1964 ஜூன் 24 பதிவு, கனடாவின் ஒரு திரைப்படத்துக்காக வாசித்தது. பழைய பாட்டுகளை மறுபடி வாசித்தது இயக்குநர் கேட்டதற்காக. 2023இல் வந்த நியூயார்க் வில்லேஜ் கேட் அரங்குப் பதிவு 1961 ஆகஸ்ட் மாதத்தியது; ஒற்றை மைக்கில் எடுத்தது. 2005இல் வந்த மங்க் குழுவின் கார்னகி ஹால் கச்சேரி 1957 நவம்பர் 29இல் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடைத்த நாடா. 1993இல் வந்த மங்க்கின் ‘ஃபைவ் ஸ்பாட்’ அரங்குப் பதிவை முதலில் 1957 என்றே நம்பினார்கள். அது 1958 செப்டம்பர் 11 என்று பின்னால் தெளிந்தது. நிபுணர்களே நாளைத் திருத்திக்கொள்ளும் துறை இது.

இணையச் சேவைகளில் இன்னொரு தொல்லை. ஐரோப்பாவில் 1962 வரை வெளியான பதிவுகளின் உரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் அவற்றைப் புது உறை, புதுப் பெயர், புது ஆண்டு போட்டு ஏற்றலாம். எல்பியிலிருந்தே நகலெடுத்தவையும் உண்டு. ஒரே ‘ப்ளூ ட்ரெயின்’ பத்து உறைகளில் தெரியும். 1957 செப்டம்பர் 15, ஹேக்கன்சாக், லீ மார்கன், கர்டிஸ் ஃபுல்லர் என்ற விவரம் எதிலும் இருக்காது. வெளியிட்ட நிறுவனம் ப்ளூ நோட் தானா என்று பார்த்துத் தேர்வு செய்வதே வழி.

நாங்கள் கேட்பது தட்டு ஒன்றுக்கு ஒரு வரிதான். மாதிரிக்கு: ‘சன் ஷிப் – கோல்ட்ரேன் டெனார், டைனர் பியானோ, கேரிசன் பாஸ், ஜோன்ஸ் டிரம்ஸ்; நியூயார்க், 1965 ஆகஸ்ட் 26; இம்பல்ஸ், வெளியீடு 1971.’ பல பதிவுகளைச் சேர்த்த தட்டாக இருந்தால் பாட்டுக்குப் பாட்டு நாளைக் கொடுங்கள். இடம் போதாவிட்டால் வெளியீட்டு ஆண்டை விட்டுவிடுங்கள். பதிவான நாளை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஜாஸ் இசைத்தட்டு ஆர்வலர்கள்